தெரிந்தவர் கை கட்ட வேண்டும்

டீச்சர்,

அரையாண்டு விடுமுறை முடிந்து நேற்று கம்ப்யூட்டர் அறையைத் திறந்தேன். கதவைத் தள்ளியதும் அந்துருண்டை வாசனை முகத்தில் அடித்தது. எலி வயரைக் கடித்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு மேசைக்குப் பின்னாலும் நீங்கள் போட்டுவைத்தவை. கரைந்து கரைந்து மிளகு அளவுக்கு வந்துவிட்டன, ஆனால் வாசனை மட்டும் அப்படியே இருக்கிறது. புடவைப் பெட்டியில் போட வேண்டியதைக் கொண்டுவந்து கம்ப்யூட்டருக்குப் போடுகிறீர்களே என்று உங்களைக் கேலி செய்தவள் நான். நேற்று அந்த வாசனையில் வாசலிலேயே நின்றுவிட்டேன். அழுதேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெருக்க வந்த அம்மா, "கண்ணுல தூசி பூந்துக்கிச்சாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

நீங்கள் இல்லாமல் வரும் முதல் பொங்கல் இது. சாவி இப்போது என்னிடம் இருக்கிறது. தமிழ் டீச்சருக்கு எதற்குக் கம்ப்யூட்டர் அறைச் சாவி என்று நீங்கள் சிரிப்பது காதில் கேட்கிறது. என்ன செய்வது, வேறு யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. நான் வாங்காவிட்டால் அது மறுபடியும் எச்.எம். அறை பீரோவுக்குள் போய்விடும். உள்ளே போனால் அதை வெளியே கொண்டுவர எவ்வளவு பாடு என்பதைப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவள் நான்.

நீங்கள் நம் பள்ளிக்குக் கணக்கு டீச்சராக மாறுதலில் வந்தது, கொரோனாவுக்குப் பிறகு பள்ளிகள் திறந்த சமயம். உங்களுக்கு விழுப்புரத்தில் வீடு. காலையில் அங்கிருந்து பஸ் பிடித்துத் திண்டிவனம் வருவீர்கள். நான் அங்கே பூக்கடை ஓரம் காத்திருப்பேன். இரண்டு பேரும் புதுச்சேரி பஸ்ஸில் ஏறி, கிளியனூர் தாண்டி இறங்கி, ஷேர் ஆட்டோவில் உள்ளே போவோம். உங்கள் பையில் எப்போதும் வேகவைத்த மல்லாட்டை இருக்கும். பேசிக்கொண்டே உரிப்பீர்கள், உரித்த கடலையில் பாதியை என் கையில் போடுவீர்கள். முதல் வாரத்திலேயே ஒரு நாள் பஸ்ஸில் கேட்டீர்கள்.

"மாடியில ஒரு ரூம் பூட்டியே கெடக்குதே டீச்சர், அதுல என்ன இருக்குது?"

"கம்ப்யூட்டர் லேப். இன்ஸ்பெக்‌ஷனுக்குத் தொறப்பாங்க. ஆயுத பூஜைக்குத் தொறப்பாங்க."

நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை, நிலவரமே அதுதான். பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளில் நன்றாகப் படிப்பவர்களை மட்டும் எப்போதாவது கூட்டிப்போவார்கள். அவர்களும் செருப்பைக் கழற்றிவிட்டு, கோயில் பிராகாரம் சுற்றுவதுபோல் ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவார்கள். கதவில் 'எதையும் தொடாதீர்கள்' என்று லேமினேஷன் செய்த காகிதம் ஒட்டியிருக்கும்.

அப்போதைய எச்.எம். சார் கெட்டவர் இல்லை என்பது உங்களுக்கும் தெரியும். பயந்தவர். ஓய்வு பெறப் போகிறவர். அறையிலிருக்கும் ஒவ்வொரு பொருளும் அவர் பெயரில் ஏறியிருந்தது. நீங்கள் போய்ச் சாவி கேட்டபோது அவர் கெஞ்சவே செய்தார்.

"ஒரு மவுஸ் காணாமப் போனாலும் என் பென்ஷன்ல கை வெப்பாங்க டீச்சர். நான் போறவரைக்கும் அந்த ரூம் அப்படியே இருந்துட்டுப் போகட்டுமே."

"என் பேர்ல எழுதிக்குங்க சார்" என்றீர்கள்.

அவர் உங்களை ஏற இறங்கப் பார்த்தார். நானும்தான் பார்த்தேன். நம் தொழிலில் யாரும் வாயால் சொல்லத் துணியாத வாக்கியம் அது. வெளியே வந்ததும் நான் உங்கள் முழங்கையைப் பிடித்து, "உங்களுக்கு இன்னா பைத்தியமா?" என்று கேட்டேன். நீங்கள் சாவியை என் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டினீர்கள்.

அறையைத் திறந்து பார்த்தால், திரைகளின் நெற்றியில் பழைய ஆயுத பூஜைகளின் சந்தனமும் குங்குமமும் காய்ந்து கிடந்தன. பிளாஸ்டிக் உறைகூடக் கிழியாமல் விசைப்பலகைகள். சுவிட்சைப் போட்டால் பாதிக்கு மேல் உயிரே இல்லை. யு.பி.எஸ். பேட்டரிகள் ஓடாமல் கிடந்தே உப்பிப்போயிருந்தன. "திருடு போவக் கூடாதுன்னு பத்திரமா வெச்சிருந்தே சாவடிச்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, நகத்தால் குங்குமத்தைச் சுரண்ட ஆரம்பித்தீர்கள். பேட்டரிக்காக எத்தனை முறை விழுப்புரத்தில் கல்வி அலுவலகப் படி ஏறினீர்கள் என்று நான் எண்ணவில்லை. அங்கிருக்கும் உதவியாளர் உங்களைப் பார்த்தாலே, "வந்துட்டாங்கப்பா பேட்டரி டீச்சர்" என்பாராம். அதை நீங்களே பெருமையாகச் சொல்வீர்கள்.

கதவில் இருந்த 'எதையும் தொடாதீர்கள்' காகிதத்தை அன்றைக்கே கிழித்தீர்கள். நீங்கள் கோபப்பட்டு நான் பார்த்த சில தருணங்களில் அது ஒன்று. சத்தம் போடவில்லை. பிசின் ஒட்டிக்கொண்டிருந்த இடத்தை ஈரத்துணியால் தேய்த்துக்கொண்டே சொன்னீர்கள்.

"இந்த வார்த்தைய எங்க தெருவே காலங்காலமா கேட்டுது டீச்சர். எங்க அப்பா கேட்டாரு, நானும் சின்ன வயசுல கேட்டேன். பள்ளிக்கூடத்துக் கதவுல வேற இத எழுதி ஒட்டணுமா?"

உங்கள் அப்பா முகையூர் பக்கம் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

கதவைத் திறந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் நான் நினைத்தேன். எட்டாம் வகுப்பு 'பி' பிரிவைக் கூட்டிப்போன முதல் நாளே நீங்கள் வேறொன்றைக் கவனித்தீர்கள். பள்ளி மூடிக்கிடந்த மாதங்களில் வீட்டில் நல்ல போன் இருந்த பிள்ளைகள் விரல் ஓட்டப் பழகிவிட்டார்கள். போன் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் பாடத்தையே மறந்துவிட்டு வந்திருந்தார்கள். ஒரு கம்ப்யூட்டருக்கு நான்கைந்து பேரை உட்காரவைத்தால், தெரிந்த பிள்ளை மவுஸைப் பிடித்துக்கொள்ளும். மற்றவர்கள் நாற்காலிக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பார்கள். பீரியட் முடியும்வரை அப்படியே போகும். பின்னால் நின்றவர்களில் அநேகம் பேர் பெண்கள். பஸ்ஸில் வரும்போது நீங்கள் மல்லாட்டையைக் கூட உரிக்கவில்லை.

"ரூமுக்குள்ள வந்தும் அதுங்க வெளியதான் நிக்குதுங்க" என்றீர்கள்.

அதற்கு ஒரு வழி உங்களுக்குத் தோன்றியது என்னால்தான். அந்தப் பெருமையை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆசிரியர்கள் எல்லோரும் ஆன்லைனில் ஒரு பயிற்சி முடிக்க வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. எனக்கு அதெல்லாம் பேஜாரு. உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, "கொஞ்சம் நீங்களே முடிச்சிக் குடுத்துடுங்க டீச்சர், ஜல்தியா ஆயிடும்" என்றேன். நீங்கள் மவுஸை என் பக்கம் தள்ளிவிட்டு, மார்புக்குக் குறுக்கே கையைக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டீர்கள்.

"நான் வாயால சொல்றேன். நீங்க பண்ணுங்க."

"வெளாடாதீங்க டீச்சர்."

"வலது பக்கம் மேல ஒரு கட்டம் தெரியுதா? அதுக்குக் கொண்டுபோங்க."

எனக்கு அம்புக்குறி திரையை விட்டே ஓடியது. உங்களைத் திட்டினேன். நீங்கள் கட்டிய கையை அவிழ்க்கவே இல்லை. ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டியது சாயங்காலம் வரை இழுத்தது. ஆனால் அடுத்த பயிற்சியை நானே முடித்தேன், உங்களிடம் சொல்லாமல். சொன்னால் உங்கள் முகத்தில் வரும் சிரிப்பைத் தாங்க முடியாது என்றுதான் சொல்லவில்லை.

மறுநாள் அதையே வகுப்பில் சட்டமாக்கினீர்கள். தெரிந்தவர் கை கட்ட வேண்டும், வாயைத் திறக்க வேண்டும். தெரியாதவர்தான் மவுஸைப் பிடிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு முதலில் சிரிப்பு. கையைக் கட்டு, வாயைப் பொத்து என்று கேட்டே வளர்ந்தவர்களுக்கு இது பாதி தலைகீழாக இருந்தது. மொபைல் கடைக்காரர் மகன் ஒருவன் இருந்தானே, எல்லாம் தெரிந்தவன், அவன் கட்டிய கையோடு குதித்தே போய்விட்டான்.

"மிஸ், இவளுக்கு வாயால சொன்னா வெளங்கல மிஸ். எங்கிட்ட குடுங்க, ரெண்டே நிமிஷத்துல முடிச்சிடறேன்."

"நீ முடிக்கிறதுக்கா இத வாங்கி வெச்சிருக்குது? அவளுக்கு வெளங்குற மாதிரி சொல்லு. அதான் ஒனக்குப் பாடம்."

அவன் முகம் சுருங்கிப்போனது. ஆனால் சொல்லிச் சொல்லி, மாதக் கடைசியில் நம் எல்லோரையும்விட நன்றாகச் சொல்லிக்கொடுக்கக் கற்றுக்கொண்டான். எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது, உங்களிடம் கேட்டேன். கையைக் கட்டி நிற்கச் சொல்வது பார்க்க நன்றாகவா இருக்கிறது என்று. நீங்கள் உடனே பதில் சொன்னீர்கள்.

"தெரியாதவங்கதான் இதுவரைக்கும் கை கட்டி நின்னாங்க டீச்சர். எங்க அப்பா நின்னாரு. இங்க கொஞ்ச நேரம் தெரிஞ்சவங்க நிக்கட்டும், ஒண்ணும் கொறஞ்சிடாது."

அந்த வகுப்பில்தான் சத்யா இருந்தாள். ஊர்க் கடைசியில் காலனியில் வீடு. அப்பா அம்மா இருவரும் கரும்பு வெட்டப் போகிறவர்கள். வீட்டில் இருந்தது ஒரே ஒரு பட்டன் போன், அதுவும் அப்பாவோடு போய்விடும். பள்ளி மூடியிருந்தபோது அவளும் பெற்றோரோடு போய்க் கரும்புச் சோகை உரித்திருக்கிறாள். கணக்கில் கெட்டிக்காரி என்று நீங்கள் வந்த மாதமே என்னிடம் சொன்னீர்கள். ஆனால் மவுஸைப் பிடிக்கச் சொன்னால் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே நிற்பாள். கெட்டுப்போய்விடுமே என்ற பயம். முன்பு ஒருமுறை அந்த அறை வாசலில் எட்டிப் பார்த்தபோது யாரோ அதட்டியிருக்கிறார்கள். நீங்கள் வற்புறுத்தவில்லை. ஒரு பழைய மவுஸைக் கொண்டுவந்து மேசைமேல் போட்டு, அவள் எதிரிலேயே அதைக் கழற்றி, உள்ளே இருப்பதைக் காட்டி, மறுபடி மூடச் சொன்னீர்கள். "பாத்தியா, ஒண்ணும் ஆவல" என்றீர்கள். அன்றிலிருந்து அவள் பாவாடையில் கை துடைப்பதை நிறுத்திவிட்டாள்.

அந்த வருடம்தான் அந்த உறைவிடப் பள்ளித் தேர்வு வந்தது. தேறினால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அங்கேயே தங்கிப் படிக்கலாம், சாப்பாடு, துணி, புத்தகம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. சத்யாவைப் போன்ற ஒரு பெண்ணுக்கு அது என்ன என்று நமக்குத் தெரியும். இல்லாவிட்டால் பெற்றோர் கரும்புக்குக் கிளம்பும்போது அவளும் கிளம்ப வேண்டியதுதான், எந்த வருடம் பள்ளிக்குத் திரும்பாமல் போவாள் என்பதுதான் கேள்வி. ஆனால் தேர்வு கம்ப்யூட்டரில். எச்.எம். சார் 'ஏ' பிரிவிலிருந்து, வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கும் பிள்ளைகளை மட்டும் அனுப்பலாம் என்றார். நீங்கள் சத்யாவின் பெயரையும் 'பி' பிரிவிலிருந்து இன்னும் சிலர் பெயரையும் சொன்னீர்கள்.

"ஏன் டீச்சர் வம்பு? அங்க போயி முழிச்சிக்கினு நின்னா ஸ்கூலுக்குத்தான கேவலம்?"

"முழிச்சா நான் பொறுப்பு சார். கணக்கு தெரிஞ்ச புள்ளைய மவுஸ் தெரியலன்னு வுட்டுட்டா, அதவிடக் கேவலம் இருக்குதா?"

அவர் கையெழுத்துப் போட்டார். பிறகு தினமும் மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் அவர்களை மாடிக்கு ஏற்றினீர்கள். தட்டை வராண்டாவிலேயே கழுவி வைத்துவிட்டு ஓடுவார்கள். சத்யா வேகமாகப் பிடித்துக்கொண்டாள். தேர்வு நெருங்கியபோது அவள் கையைக் கட்டிக்கொண்டு மற்றவர்களுக்குச் சொல்லும் நிலைக்கு வந்துவிட்டாள். அவள் முதல்முறை கையைக் கட்டி நின்ற நாளில் நீங்கள் கீழே இறங்கி வந்து, ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் டீ வாங்கிக்கொடுத்தீர்கள். எதற்கு என்று கேட்டவர்களுக்குக் காரணம் சொல்லவில்லை.

தேர்வு விழுப்புரத்தில், ஊருக்கு வெளியே ஒரு கல்லூரியில். ஞாயிற்றுக்கிழமை. நான் திண்டிவனத்திலிருந்து பிள்ளைகளைப் பஸ்ஸில் கூட்டிவந்தேன். நீங்கள் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் எலுமிச்சைச் சாதப் பொட்டலங்களோடு நின்றிருந்தீர்கள். பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தோம். நான் ஒரு தூக்கம் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது ஒருவர் வெளியே வந்தார்.

"கிளியனூர் பக்கத்து ஸ்கூல் யாரு? ஒங்க பொண்ணு ஒண்ணு காப்பியடிக்குது."

நான் கையூன்றி எழுந்தேன். நீங்கள் அதற்குள் பாதி வழி போய்விட்டீர்கள். உள்ளே போகக் கூடாது என்றார்கள். அறை வாசலிலேயே நின்றீர்கள், நான் உங்கள் தோளுக்குப் பின்னால் நின்றேன். சத்யா தன் இடத்தில் எழுந்து நின்றுகொண்டிருந்தாள், கட்டிய கையை அவிழ்க்காமல். மேற்பார்வைக்கு இருந்தவர் சின்ன வயதுக்காரர், கோபத்தைவிடக் குழப்பம்தான் அவர் முகத்தில் அதிகம் இருந்தது.

"பக்கத்துப் பொண்ணுக்குச் சொல்லிக் குடுத்துக்கினே இருக்குது மேடம். கையக் கட்டிக்கினு, கூச்சமே இல்லாம, சத்தமா."

எனக்குப் புரிந்துவிட்டது. உங்களுக்கும் புரிந்தது, உங்கள் தோள் இறங்கியதை நான் பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தது யாரோ ஒரு பள்ளிப் பெண், முகம் முழுக்கக் கண்ணீர். நீங்கள் வாசலில் இருந்தே கேட்டீர்கள்.

"பயப்படாதம்மா. இவ ஒனக்கு என்ன சொன்னா?"

"அடுத்த கேள்விக்கு எப்பிடிப் போவணும்னு சொன்னாங்க டீச்சர். நான் மொதக் கேள்விலயே நின்னுக்கினு இருந்தேன். எனக்கு இது தெரியாது."

"பதில் எதுனா சொன்னாளா?"

"இல்ல டீச்சர். பட்டன மட்டும் சொன்னாங்க."

மேற்பார்வையாளர் அந்தப் பெண்ணின் திரையைக் குனிந்து பார்த்தார். அவள் அப்போதுதான் இரண்டாவது கேள்விக்கு வந்திருந்தாள். பிறகு சத்யாவை உட்காரச் சொன்னார். போன நேரத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று நீங்கள் கேட்டீர்கள். அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டுத்தான் சொன்னார்: "டைம் அதுவா ஓடுது மேடம், என் கையில இல்ல."

தேர்வு முடிந்து சத்யா வெளியே வந்ததும், எத்தனை கேள்வி விட்டுப்போனது என்று நான் கேட்டேன். நீங்கள் கேட்டது வேறு.

"அந்தப் புள்ள முடிச்சிதா?"

"தெரியல மிஸ். பாதி வரைக்கும் வந்துச்சி. அப்புறம் நான் பாக்கல."

சத்யாவுக்கு இடம் கிடைக்கவில்லை. கடைசிப் பக்கம் முழுவதும் தொடாமலே போயிருந்தது. 'ஏ' பிரிவில் ஒருவனுக்குக் கிடைத்தது. முடிவு வந்த அன்று பஸ்ஸில் நான் உங்களைச் சும்மா விடவில்லை. "ஒங்க சட்டம்தான் அந்தப் பொண்ணுக்கு ஒல வெச்சிது" என்று எல்லோருக்கும் கேட்கும்படிச் சொன்னேன். ஊர் பேர் தெரியாத எவளுக்கோ பட்டனைக் காட்டிவிட்டு நம் பிள்ளை வெளியே நிற்கிறாளே என்ற ஆத்திரம். நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். ஓமந்தூர் திருப்பம் வருவதற்குள் உங்கள் தோள் குலுங்குவதைப் பார்த்துவிட்டேன். என் கைக்குட்டையை உங்கள் மடியில் போட்டேன்.

ஆனால் நீங்கள் அழுதுவிட்டுப் படுத்துக்கொள்கிற ஆள் இல்லையே. மறுநாளே சத்யா வீட்டு வாசலில் நின்றீர்கள், வழக்கம்போல் என்னையும் இழுத்துக்கொண்டு. அவள் அப்பா சாக்கில் பாத்திரம் கட்டிக்கொண்டிருந்தார்.

"கரும்புக்குப் போனா மாசக்கணக்குல வரமாட்டோம் டீச்சர். வயசுக்கு வந்த பொண்ண யாரண்ட வுட்டுட்டுப் போறது? அந்தப் பெரிய ஸ்கூல்ல சீட்டு கெடச்சிருந்தா வேற கத."

"என்னண்ட வுடுங்க. திண்டிவனத்துல பொண்ணுங்க ஆஸ்டல் இருக்குது. அங்க சேக்கறது என் பாடு. தெனம் நாங்க வர்ற பஸ்லயே வந்துட்டுப் போவா. எதுனா ஒண்ணுன்னா என்னக் கேளுங்க."

அவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா சத்யாவைப் பார்த்தார். பிறகு சாக்கிலிருந்து ஒரு தட்டையும் டம்ளரையும் எடுத்துத் தனியாக வைத்தார். அந்தத் தட்டு விடுதிக்கு வந்தது. அதற்குப் பிறகு நம் பஸ்ஸில் மூன்று பேர், மல்லாட்டையும் மூன்று பங்கு.

உங்கள் உடம்புக்கு வந்ததைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. உங்களுக்கே அந்தப் பேச்சு பிடிக்காது. கடைசி மாதத்தில் ஒரு நாள் சத்யாவைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். பதினொன்றாம் வகுப்பு, உங்களைவிட உயரமாகிவிட்டாள். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பள்ளிக் கதையெல்லாம் சொன்னாள். புறப்படும்போது சட்டென்று கேட்டாள்.

"மிஸ், அன்னிக்கி நான் வாய மூடிக்கினு எழுதியிருந்தா எனக்கு சீட்டு கெடச்சிருக்கும் இல்ல?"

நானாக இருந்தால், அப்படியெல்லாம் இல்லம்மா, அது விதி, அது இது என்று எதையாவது சொல்லி மழுப்பியிருப்பேன். சொல்லவும் வாயெடுத்தேன். நீங்கள் அவளை நேராகப் பார்த்தீர்கள்.

"கெடச்சிருக்கும்."

அவள் கொஞ்ச நேரம் தலையணை உறையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"பரவால்ல மிஸ். அந்தப் பொண்ணு அழுதுக்கினே இருந்துச்சி. மறுபடி ஒக்காந்தாலும் சொல்லித்தான் குடுப்பேன்."

நீங்கள் சிரித்தீர்கள். மூச்சு முட்டும் அளவுக்குச் சிரித்தீர்கள், நர்ஸ் வந்து என்னைத்தான் திட்டினார். நான் பார்த்த உங்கள் கடைசிச் சிரிப்பு அதுதான். வாழ்க்கையில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன் டீச்சர். ஒரு பிள்ளையிடம் அது இழந்ததை இழந்தாய் என்று மறைக்காமல் சொல்லவும், அந்தப் பிள்ளை அதைத் தாங்கும் என்று நம்பவும் தெரிந்தவர் எனக்குத் தெரிந்து நீங்கள் ஒருவர்தான். உங்களோடு ஒரே பஸ்ஸில் இத்தனை வருடம் போனேன் என்பதே எனக்குப் போதும்.

சத்யா இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. எச்.எம். சார் நிம்மதியாக ஓய்வு பெற்றார், ஒரு மவுஸும் காணாமல் போகவில்லை. புதிதாக வந்தவர் நல்ல மாதிரிதான், ஆனால் அவரும் பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் சாவியைக் கேட்டார். "என் பேர்ல எழுதிக்குங்க சார்" என்றேன். சொல்லும்போது எனக்குப் பயமாக இருந்தது என்பதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். உங்களுக்கும் அன்று பயமாக இருந்ததா?

வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அந்தத் தேர்வு. இந்த வருடம் எட்டாம் வகுப்பில் எழுத விரும்பிய எல்லோரையும் அனுப்புகிறோம், 'ஏ' 'பி' என்று பார்க்கவில்லை. நேற்று அறையைப் பெருக்கி முடித்ததும் பிள்ளைகளை உட்காரவைத்து ஒன்றொன்றாகச் சொன்னேன். அடுத்தவர் திரையைப் பார்க்காதே. பேசாதே. எதுவும் புரியாவிட்டால் கையைத் தூக்கி அங்கிருக்கும் சாரைக் கூப்பிடு. பக்கத்தில் யாராவது முழித்தால் அவர்களுக்கும் சேர்த்து நீயே கையைத் தூக்கு. கண்டிப்பாகத்தான் சொன்னேன். சத்யாவுக்கு நடந்தது இன்னொரு பிள்ளைக்கு நடக்கக் கூடாது இல்லையா?

கடைசி வரிசையில் ஒரு சின்னப் பெண், இந்த வருடம்தான் மவுஸைப் பிடித்தவள், எழுந்து நின்றாள்.

"கையத் தூக்கியும் சார் வரலன்னா மிஸ்? அந்தப் புள்ள அழுதுச்சின்னா?"

அறையே என்னைப் பார்த்தது. நான் உங்களை நினைத்தேன். பேசாமல் எழுது என்று சொல்வதுதான் பத்திரம். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், ஆனால் வந்தது வேறு.

"பட்டன மட்டும் சொல்லு. பதில சொல்லாத. எவனாவது எழுப்பி நிக்க வெச்சான்னா நில்லு, பயப்படாத. நான் வாசல்லதான் நிப்பேன்."